கடைசியா என்ன சொன்னாங்க?

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அவன் எழுந்து நின்றான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிற சத்தம். மாமாதான்.

"வீட்டுக்காரர் வந்ததும் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க தம்பி. டாக்டர் வேற வார்டுல இருக்காரு" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்குவமா. அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டுதான் அவன் இவ்வளவு நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். உள்ளே, ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்து விட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே கட்டிலின் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன.

மாமா வந்துவிட்டார். மந்திரி வருகைக்கான பந்தோபஸ்திலிருந்து நேராக வந்திருந்தார். முழு யூனிஃபார்ம், தொப்பி கையில், காலரெல்லாம் வியர்வை. பின்னாலேயே ஜீப் டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் வராந்தாவில் இருந்தவர்களின் பேச்சு தானாக அடங்கியது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் உரிப்பதை நிறுத்தினாள்.

"என்னாச்சு? போன்ல யாரும் ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. திரும்ப ஐசியூவுக்கு மாத்திட்டாங்களா?"

அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா அவுட்டு மாமே."

மாமாவுக்குக் காதில் விழவில்லையா, விழுந்தும் புரியவில்லையா, தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கினார். ஸ்டேஷனில் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"என்னடா சொன்ன?"

சொன்னதைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்தது. வேறு ஏதாவது சொல்லத்தான் அவன் நினைத்தான். ஆனால் நாக்கு பழகின தடத்திலேயே ஓடியது.

"அவுட்டு மாமே. அவ்ளோதான். விடு... ஃபீல் பண்ணாத."

சொல்லிக்கொண்டே கையைத் தூக்கி அவர் தோளைத் தட்டினான். அவன் வேலை பார்க்கும் கடையில் ஒருவனுக்கு ஒன்று என்றால் அப்படித்தான் தட்டுவார்கள். உள்ளங்கையில் ஏதோ குத்தியபோதுதான், தோளில் இருந்த நட்சத்திரங்களின் மேல் கை வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

மாமா அந்தக் கையைப் பார்த்தார். அவன் எடுத்துக்கொண்டான். அவர் தொப்பியைத் தலையில் வைத்து, மேலதிகாரி அறைக்குள் நுழையும்முன் செய்வதைப் போல இரண்டு விரலால் நேராக்கிக்கொண்டு, உள்ளே போனார். திரை விலகி மூடியது. சத்தம் ஒன்றும் வரவில்லை.

"உன் நாக்குல சனியாடா உக்காந்திருக்கு?" என்றார் ஜீப் டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "தெருவுல செத்துக் கெடக்கற நாயப் பத்திகூட எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். அது உன் கூடப் பொறந்ததுடா."

ஆரஞ்சு உரித்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

அவனுக்கு வேலை ஒரு கார் கழுவும் கடையில். ரப்பர் பூட்ஸும் சோப்பு நுரையும் பிரஷர் பைப்பின் இரைச்சலுமாகப் பொழுது போகும். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமானால் சின்னச் சின்ன வார்த்தையாகக் கத்தினால்தான் உண்டு. அவனுக்கு அங்கே பெயர் வாசர். குழாயில் போடுகிற ரப்பர் வளையமும் அதுதான், கார் கழுவுகிறவனும் அதுதான் என்று கூட வேலை செய்கிற மொட்டை வைத்த பெயர். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் மாமே. போலீஸுக்கு மட்டும் மாமா. ஜீப் கழுவ வரும்போதெல்லாம் மொட்டை சொல்வான்: "ஊருக்கெல்லாம் பேருக்குத்தான்டா மாமா. நம்ம வாசருக்கு மட்டும் ஒரிஜினல் மாமா."

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வருகிறவர்களின் முகத்துக்கு ஏற்ற ஃபிரேம் எடுத்துக் கொடுத்து அவனை வளர்த்தாள். கல்யாணம் பேச வந்த போலீஸ்காரரிடம், "தம்பியும் என்கூடத்தான் வருவான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார். சொன்ன சொல் மாறவில்லை. மாடியில் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தார். ஆனால் இரண்டு ஆண்களுக்கும் நடுவில் பேச ஒரு பாஷை அமையவில்லை.

பைபாஸ் ரோட்டில் பைக் ரேஸ் விட்ட கும்பலை மாமா பிடித்தபோது அவனும் அதில் இருந்தான். மற்றவர்களோடு சேர்த்து அவனையும் ஸ்டேஷன் வாசலில், ரோட்டைப் பார்த்தபடி, சாயங்காலம் வரை நிற்க வைத்தார். "ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், மச்சானுக்கு ஒரு நியாயமா?" என்று அக்காவிடம் கேட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். அதற்குப்பின் நேரடிப் பேச்சு நின்றுபோனது. எல்லாம் அக்கா வழியாகத்தான்.

"எத்தன மணிக்கு வந்தான் நேத்து?" என்று சாப்பாட்டு மேசையில் மாமா சுவரைப் பார்த்துக் கேட்பார்.

"நேத்து ஒழுங்கா சாப்டியான்னு கேக்கறாருடா" என்பாள் அக்கா.

"சும்மா மொக்க போடாம இருக்கச் சொல்லுக்கா."

"அவனுக்கு உடம்பு அலுப்பா இருக்காம். இனிமே சீக்கிரம் வர்றேங்கறான்" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வாள். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். அவள் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள்.

*

அவன் சொன்ன வார்த்தை அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஜீப் டிரைவர் யாரிடமோ ஆற்றாமையில் சொல்லியிருக்க வேண்டும். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி, ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அக்காவைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அவனைப் பார்த்தார்கள்.

மாமாவின் அக்கா பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். சொந்தத் தம்பி உட்பட எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அவுட்டாம், அவுட்டு" என்றார். "இறந்துட்டாங்க. தவறிட்டாங்க. காலமாயிட்டாங்க. போயிட்டாங்க. நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு சாவைச் சொல்ல நம்ம மொழியில எத்தன சொல்லு இருக்கு தம்பி? உனக்கு ஒண்ணுகூடவா கிடைக்கல?"

அவன் கேஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் அக்கா மகள் பாப்பாவுக்குப் பால் காய்ச்சியபோது பொங்கி வழிந்த தடம் அப்படியே இருந்தது.

"அவ உன்னப் பெறாத கொறையா வளத்தா. அவளுக்காக இல்லன்னாலும், நிக்கிறவன் யாருன்னு பாத்தாவது பேச வேணாமா? அத்தன போலீஸ்காரங்களும் பேஷண்டுங்களும் நிக்கிற எடத்துல, தோளத் தட்டி..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"சரி விடு. நீதான் கூட இருந்த. கடைசியா என்ன சொன்னா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் வரும்போதே தெரியும்.

முந்தின நாள்தான் அவளை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். பிறவியிலேயே இதயத்தில் ஒரு வால்வு சரியில்லாதவள். இந்த முறை பயப்பட ஒன்றும் இல்லை, சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மாமா டியூட்டிக்குப் போனார். கூட இருக்க அவன் வந்தான். செல்போனில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. இயர்போனில் ஒரு காதை அவளுக்குக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "காது வலிக்குதுடா, நீயே வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவன் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டான். பிறகு அவள் உதடு அசைவதைப் பார்த்து ஒன்றைக் கழற்றினான்.

"ஜன்னலச் சாத்துடா. வெயில் மூஞ்சில அடிக்குது."

"ஒரு பால்க்கா. ஒரே ஒரு பால்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மறுபடி மாட்டிக்கொண்டான். அந்தப் பந்து போய் அடுத்த பந்து வந்தது. அடுத்தது சந்தேகமாகி, அம்பயர் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஜன்னல் எழுந்து நின்று கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் அக்காவின் கையைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், பிறகு எட்டி அவன் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது காதில் ஒரு கூட்டமே எழுந்து கத்திக்கொண்டிருந்தது. அவுட், அவுட் என்று. வெயில் அவள் முகத்தைத் தாண்டிக் கழுத்துக்கு வந்திருந்தது.

"சொல்லுப்பா" என்றார் டீச்சர். "என்ன சொன்னா?"

"பாப்பாவப் பாத்துக்கன்னு சொன்னாங்க."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று அவனுக்கே தெரியவில்லை. சொன்னாங்க என்று மரியாதையோடு வேறு வந்தது. டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவனை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். சேலையில் நாப்தலின் வாசனை வந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை. விட்டால் போதும் என்றிருந்தது.

*

மதியத்துக்குள் அந்த வாக்கியம் கூடத்தைச் சுற்றி வாசலுக்கு வந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் டீச்சர் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதில் ஏதாவது ஒன்று கூடியது. 'பாப்பாவைப் பார்த்துக்கொள்' என்பது 'என் பாப்பாவை நல்லா பார்த்துக்கோ' ஆகி, 'அவளை நல்லா படிக்க வைக்கச் சொல்லு அவரை' ஆயிற்று. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்து கையைப் பிடித்தார்கள். காலையில் பல்லைக் கடித்துத் திட்டிய ஜீப் டிரைவர்கூட ஒரு தம்ளர் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். "குடி. காலைல ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

வாயில் வந்தது நிஜம், அதற்குத் திட்டினார்கள். சொன்னது பொய், அதற்கு டீ கொடுக்கிறார்கள். அவன் குடித்தான். சூடு நாக்கைச் சுட்டது.

மாமா வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றச் சொல்லி யாரோ சொல்லியும் மாற்றவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார்கள். "மனச தைரியமா வெச்சுக்கங்க" என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று, தலையசைத்து, உட்கார்ந்தார்.

அப்போதுதான் மொட்டையும் கடைப் பையன்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்கள். பேண்ட் முழங்கால் வரை ஈரம். யூனிஃபார்ம் கூட்டத்தைப் பார்த்ததும் கேட் பக்கத்திலேயே ஒருவனுக்குப் பின்னால் ஒருவன் ஒதுங்கினான். பந்தலில் நின்ற அவன் தூரத்திலிருந்தே வேண்டாம், போய்விடுங்கள் என்று கண்ணைக் காட்டினான். மொட்டைக்கு அது புரியவில்லை. நேராக மாமா முன்னால் போய் நின்றான். கும்பிடுவதா, சல்யூட் அடிப்பதா என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்தினான்.

"சார்... ரொம்ப ஃபீல் ஆவுது சார். அக்கா செம டைப்பு சார். வேற லெவலு. நீங்க டென்ஷன் ஆவாதீங்க சார். எதுனாலும் நாங்க இருக்கோம், பாத்துக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒருவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். யாரோ ஒரு கான்ஸ்டபிள் இருமினார். டீச்சர் கதவருகில் நின்று, மொட்டையை அல்ல, அவனைப் பார்த்தார். காலையில் தன் வாயிலிருந்து வந்தது வெளியிலிருந்து கேட்டால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. காது மடலெல்லாம் கொதித்தது. மாமா மற்றவர்களுக்கு எழுந்ததைப் போலவே மொட்டைக்கும் எழுந்து நின்று தலையசைத்ததை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. போய் மொட்டையின் கையைப் பிடித்து, கேட்டுக்கு வெளியே, தெருவிளக்குக் கம்பம் வரை இழுத்துக்கொண்டு போனான்.

"ஏன்டா வந்தீங்க? அறிவில்ல? யார்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாதா?"

"என்னடா தப்பா சொல்லிட்டேன்?"

"செம டைப்பா? அது என்ன பேச்சுடா, பெரிய மனுஷங்க நடுவுல? என் மானமே போச்சு. கெளம்புங்க. மயானத்துக்கெல்லாம் வர வேணாம்."

மற்ற பையன்கள் தரையைப் பார்த்தார்கள். மொட்டை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். அவன் போர்டைப் படிக்கக் கண்ணை இடுக்குவதைப் பார்த்துவிட்டு, தன் கண்ணாடிக் கடைக்கு வரச்சொல்லி அக்கா எடுத்துக் கொடுத்த ஃபிரேம் அது. அவனுடைய உருண்டை முகத்துக்குச் சதுரம்தான் எடுக்கும் என்று சொல்லியிருந்தாள்.

"எனக்கு வேற மாதிரி பேச வராது மச்சி" என்றான் மொட்டை. கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "அக்காகிட்டயும் இப்படித்தான் பேசுவேன். அவங்க சிரிப்பாங்க."

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை அவன் கம்பத்தருகிலேயே நின்றான். கூப்பிட வேண்டும் என்று இருந்தது. கூப்பிடவில்லை.

*

சாயங்காலம் வண்டி புறப்பட்டது. மயானத்தில், எல்லாம் தயாராகும் முன், மாவட்டத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் கேட்கும்படி சொன்னார்: "உங்க மிசஸ் கடைசியா சொன்னதக் கேள்விப்பட்டேன். பொண்ண நல்லா படிக்க வைங்க, நீங்க உடைஞ்சு போயிடாதீங்கன்னு சொன்னாங்களாமே. இப்படி ஒரு தைரியசாலியோட வாழ்ந்திருக்கீங்க. அத நெனச்சு ஆறுதல் பட்டுக்கங்க."

மாமா, "ஆமா சார்" என்றார்.

சொல்லிவிட்டு அந்த அதிகாரியின் தோளுக்கு மேலாக, கூட்டத்தில் எங்கோ பின்னால் நின்ற அவனைத் தேடிப் பார்த்தார். ஒரு கணம்தான். பைபாஸ் ரோட்டில் டார்ச்சை அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அவன் முகத்தில் நிறுத்தியபோது பார்த்த அதே பார்வை. அவன் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

*

விடியும்போது வீடு முழுக்க ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் டீச்சர் பாப்பாவை அணைத்தபடி, வாய் லேசாகத் திறந்து, அசந்து போயிருந்தார். அவன் கால்களைத் தாண்டித் தாண்டிப் பின்பக்கம் வந்தான். அங்கே தகரக் கூரைக்குக் கீழே அக்காவின் ஸ்கூட்டர் நிற்கும். அதன் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். பனியனும் யூனிஃபார்ம் பேண்ட்டுமாக.

அவன் திரும்பிப் போய்விடப் பார்த்தான்.

"நில்லு."

நின்றான். மாமா ஸ்கூட்டரின் மீட்டர் கண்ணாடியைக் கட்டை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ அப்படிச் சொல்லல."

அதில் கேள்வி இல்லை.

"பாப்பாவப் பாத்துக்கன்னு சொன்னதா டீச்சர்கிட்ட சொல்லிருக்க. பாப்பான்னு கூப்பிடறது நீ, நான், டீச்சர், இந்தத் தெரு. அவ ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. எலின்னுதான் சொல்லுவா. ஆஸ்பத்திரியில சேக்கும்போதுகூட எலிக்கு ஹோம்வொர்க் இருக்கு, மறந்துடாதீங்கன்னுதான் சொன்னா."

அவனுக்கு அது தெரியும். தினமும் கேட்டிருக்கிறான். பொய் சொல்லும்போது ஞாபகம் வரவில்லை.

"என்ன சொன்னா?"

அவன் பேச ஆரம்பித்தான். அக்கா இல்லாமல் இவ்வளவு நீளமாக அவரிடம் பேசியதே இல்லை. "மேட்ச் ஓடிட்டிருந்துச்சு மாமா. நான் ஒயர மாட்டிட்டு... செம சீனா போயிட்டிருந்துச்சு. அக்கா வெயில் அடிக்குதுன்னாங்க. ஜன்னலச் சாத்துடான்னாங்க. நான்..." எச்சிலை விழுங்கினான். "ஒரு பால்க்கா, ஒரே ஒரு பால்னு சொன்னேன். அதுக்கப்புறம் சாத்தல. தூங்குதுன்னு நெனச்சேன். நர்ஸ் வர்ற வரைக்கும் தெரியாது மாமா. பக்கத்துலயே உக்காந்திருந்தேன், எனக்கு தெரியாது. அந்த வார்த்தகூட... காதுல ஓடிட்டிருந்ததுதான் வாயில வந்துருச்சு."

பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள். மேல்தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"வெயிலா" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"மூஞ்சியிலயா?"

"ஆமா."

அவர் பிரேக்கைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். முழங்கை நரம்பு புடைத்து எழுந்தது. அடிக்கப் போகிறார் என்று அவன் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"நான் போய் பொய்னு சொல்லிடவா மாமா? எல்லார்கிட்டயும்?"

"ராத்திரி பாப்பா தூங்கல. அம்மா கடைசியா உன்னப் பத்திதான்டா பேசினாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதக் கேட்டுட்டுத்தான் கண்ண மூடுச்சு." மாமாவின் குரல் பிசிறியது. செருமிச் சரிசெய்துகொண்டார். "எத்தனையோ பேர்கிட்ட வாக்குமூலம் வாங்கியிருக்கேன். பொய்னு தெரிஞ்சு ஒண்ணுகூட விட்டதில்ல." பிரேக்கிலிருந்து கையை எடுத்தார். "இது இப்படியே இருக்கட்டும். இனி மாத்த முடியாது."

"மாமா..."

"உள்ள போ. கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னால நிக்காத."

அவன் திரும்பினான். போக வழியில்லை. கதவு நிலையில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். கவுன் கசங்கி, முடி ஒரு பக்கம் முகத்தை மறைத்துக் கிடந்தது. தூக்கம் முழுதாகக் கலையாமலே, தினமும் இந்த நேரத்துக்குச் செய்வதைப் போல சீப்பையும் இரண்டு ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வந்த பிறகுதான் யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறவளைப் போல இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு மாமா ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக் கையை நீட்டினார். பாப்பா சீப்பைக் கொடுத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

மாமா குனிந்து வகிடு எடுத்தார். கோணலாகப் போனது. அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். அதுவும் கோணல்தான். முடியை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் நழுவி விழுந்தது. நிமிராமலே, ஒரு பக்க முடியைத் தூக்கி அவன் பக்கமாக நீட்டினார்.

"இதப் பிடி."

அவன் வந்து பிடித்துக்கொண்டான். எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

"வலிக்குது" என்றாள் பாப்பா.

யார் பிடித்திருப்பது வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. இருவருமே கையைத் தளர்த்தினார்கள்.